லேனியர் ஏரியில் பான்டூன் படகு எடுக்கும் முன்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் கோடையில் அட்லாண்டா பக்கத்துத் தமிழ் வீடுகளில் "ஒரு நாள் லேக் போகலாமா" என்ற பேச்சு கட்டாயம் வரும். கமிங், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக்கில் இருப்பவர்களுக்கு லேக் லேனியர் பக்கம்தான். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் அடுத்த கேள்வி, எந்தப் படகு? மூன்று தலைமுறையும் ஒன்றாகப் போவதற்குப் பான்டூனைவிடப் பொருத்தமான படகு கிடையாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அது திண்ணை மாதிரி விசாலமாக, சமதளமாக இருப்பதால், ஏறி உட்கார்ந்த பத்து நிமிடத்தில் படகில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. பான்டூனில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு இந்த மறதிதான் காரணம். அதனால் வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுதுகிறேன்.

அமைப்பு எளிமையானது. நீளவாக்கில் இரண்டு அலுமினிய உருளைகள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதன் மேல் முக்கால் இஞ்ச் பிளைவுட் தளம், சுற்றிலும் கம்பித் தடுப்பு, பின்னால் வெளிப்புறமாக மாட்டிய அவுட்போர்ட் மோட்டார். மினசோட்டா மாநிலத்தின் ரிச்மண்ட் ஊரைச் சேர்ந்த விவசாயி ஆம்ப்ரோஸ் வீரஸ் 1952-இல் இரும்பு உருளைகள் மேல் மரத்தளம் போட்டு மிதக்கவிட்டதுதான் இன்றைய பான்டூனுக்கு முன்னோடி. இப்போதைய உருளைகள் உள்ளே தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகள் தாங்கும்.

வசதிகளில் முதலாவது, ஏறுவது. படகின் தளமும் மரினாவின் மிதவை மேடையும் ஏறக்குறைய ஒரே உயரம். முட்டிவலி உள்ள பாட்டி தடுப்பின் கதவைத் திறந்து நடந்தே உள்ளே வரலாம். வி வடிவ அடிப்பாகம் கொண்ட பௌரைடர் படகில் விளிம்பைத் தாண்டி, இருக்கைமேல் கால் வைத்து இறங்க வேண்டும். இரண்டாவது, நின்று கொண்டிருக்கும்போது ஆட்டம் குறைவு. உருளைகள் இரண்டும் எட்டடி அகலத்தின் இரு ஓரங்களில் இருப்பதால், ஒருவர் எழுந்து நடந்தால் படகு ஒரு பக்கம் சாய்வதில்லை. மூன்றாவது, நிழல். பிமினி என்று சொல்லும் துணிக்கூரை பாதிப் படகையாவது மூடும். ஜூலை வெயிலில் ஒரு குழந்தையோ, பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவரோ உடன் இருந்தால் இந்தக் கூரை இல்லாத படகை எடுக்கவே வேண்டாம்.

இனி எடைக் கணக்கு. 25 இஞ்ச் விட்டமும் 20 அடி நீளமும் உள்ள ஓர் உருளை முழுவதும் தண்ணீரில் அமிழ்ந்தால் சுமார் 4,200 பவுண்டு தாங்கும். இரண்டும் சேர்ந்து 8,400. ஆனால் உருளைகள் பாதியளவுக்கு அமிழ்ந்து மிதப்பதுதான் நல்ல நிலை, அதாவது மொத்தம் 4,200 பவுண்டு. அதில் படகே 2,000-ஐ ஒட்டி, மோட்டார் 400. மிச்சம் 1,800 பவுண்டில்தான் ஆட்கள், பெட்ரோல், கூலர் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு கேலன் பெட்ரோல் ஆறு பவுண்டுக்கு மேல். ஐஸும் பானங்களும் நிரப்பிய பெரிய கூலர் 60, 70 பவுண்டு வந்துவிடும். ஓட்டுநர் இருக்கைக்கு அருகே ஒட்டியிருக்கும் கேப்பாசிட்டி பிளேட்டில் ஆட்கள் எண்ணிக்கையும் பவுண்டும் இரண்டும் போட்டிருக்கும். எது முதலில் எட்டப்படுகிறதோ அதுவே வரம்பு. "12 பேர்" என்று எழுதியிருக்கிறது, கைக்குழந்தை கணக்கில் வராது என்று பதின்மூன்றாவது ஆளை ஏற்றக் கூடாது. கைக்குழந்தையும் ஒரு நபர்தான். என்னைக் கேட்டால் 12 பேர் படகில் 9 பெரியவர்களுக்கு மேல் வேண்டாம். இருக்கை போதாமல்தான் ஆட்கள் முன்பக்கம் போய் உட்கார ஆரம்பிப்பார்கள்.

அந்த முன்பக்கம்தான் பான்டூனின் மிக மோசமான இடம். முன் கதவுக்கு வெளியே ஒன்றிரண்டு அடித் தளம் நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு போவது பிள்ளைகளுக்குச் சொர்க்கம். பெரியவர்களும் அங்கே நின்று போட்டோ எடுக்க ஆசைப்படுவார்கள். மற்ற படகில் முன்னால் விழுபவரைக் கூரான அடிப்பாகம் ஒரு பக்கமாகவாவது ஒதுக்கித் தள்ள வாய்ப்புண்டு. பான்டூனில் இரண்டு உருளைகளுக்கும் நடுவே வெறும் இடைவெளி. விழுந்தவர் அந்த இடைவெளி வழியாக நேராகப் பின்னால் போவார். அங்கே சுழன்று கொண்டிருப்பது ப்ரொப்பெல்லர். 15 மைல் வேகத்தில் படகு ஒரு நொடிக்கு 22 அடி நகர்கிறது. 22 அடிப் படகின் முன்னால் ஒருவர் விழுந்தால் ஓட்டுபவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு நொடி. அவர் கத்தல் கேட்டு, புரிந்து, த்ராட்டிலை இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே கியர் விழும்போது முன் கதவு மூடித் தாழ் போட்டிருக்க வேண்டும், தடுப்புக்கு வெளியே ஒருவரும் இருக்கக் கூடாது. இதில் "மெதுவாகத்தானே போகிறோம்" என்ற சலுகை கிடையாது. ஓட்டுபவர் கில் சுவிட்ச் கயிற்றைத் தன் மணிக்கட்டிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தடுமாறி விழுந்தால் கயிறு கழன்று இன்ஜின் நிற்கும். வாடகைப் படகில் அந்தச் சுருள் கயிறு பெரும்பாலும் ஸ்டியரிங்கில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். முதலில் அதைத் தேடி எடுங்கள்.

அடுத்தது அலை. பான்டூன் அலையை வெட்டிக்கொண்டு போகாது. சிறு அலைகளில் மேலேறி மிதக்கும், பெரிய அலை வந்தால் முன்தளம் அதற்குள் புகுந்துவிடும். லேனியரின் தென்பகுதி, பியூஃபர்ட் அணைக்கு அருகே, அகலமானது. சனிக்கிழமை மதியம் பெரிய கேபின் க்ரூஸர்கள் கிளப்பிவிடும் அலைகள் அங்கே ஒன்றோடொன்று மோதிக் குழம்பிக் கிடக்கும். அந்த அலை எதிரே வருவதைப் பார்த்ததும் பயந்து த்ராட்டிலை ஒரே இழுப்பில் மூடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. வேகம் திடீரென்று குறைந்தால் படகின் மூக்கு கீழே இறங்கும். சரியாக அந்த நொடியில் அலை வந்தால் முன் கதவுக்கு அடியில் தண்ணீர் பாய்ந்து, தளம் முழுக்கக் கணுக்காலளவு ஓடும். அலை வருவதற்கு வெகு முன்பே வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். அலையை நேராகவும் வாங்காமல், பக்கவாட்டிலும் வாங்காமல், சற்றே சாய்வான கோணத்தில் வாங்குங்கள். மோட்டாரின் ட்ரிம்மை, அதாவது அது சாய்ந்திருக்கும் கோணத்தை, கொஞ்சம் உயர்த்தினால் மூக்கு தூக்கும். கிளம்பும் முன்பே கனமானவர்களையும் கூலரையும் நடுவுக்கும் பின்னுக்கும் மாற்றி வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். முன்னால் இருக்கும் இரண்டு நீள சோபாக்களில் ஆறு பேர் கும்பலாக உட்கார்ந்து போவதுதான் மூக்கு அமிழ்வதற்கு முக்கியக் காரணம்.

இதையெல்லாம்விட எளிய வழி, வார நாளில் போவது. முடியாதென்றால் காலை ஒன்பதுக்குக் கிளம்பி ஒரு மணிக்குள் திரும்பிவிடுவது. ஜார்ஜியாவில் கோடை மதியங்களில் இடி மழை திரள அதிக நேரம் எடுப்பதில்லை. வடக்கே செஸ்டட்டீ, சட்டஹூச்சி ஆறுகள் ஏரிக்குள் வரும் கிளைகள் குறுகலானவை, அங்கே அலை குறைவு. பெரியவர்களோடு போனால் அந்தப் பக்க மரினாவில் படகு எடுங்கள். மே கடைசியில் வரும் மெமோரியல் டே, ஜூலை 4 வார இறுதிகளில் இந்த ஏரிக்குக் குடும்பத்தோடு போகவே வேண்டாம் என்பேன்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். பான்டூனைக் கரை சேர்ப்பதில் திணறாத புது ஓட்டுநர் அரிது. படகின் பக்கவாட்டுத் தடுப்பும் மேலே விரித்த துணிக்கூரையும் சேர்ந்து பாய்மரம் போலக் காற்றை வாங்கும். தண்ணீருக்குள் இருப்பதோ இரண்டு வழவழப்பான உருளைகள், பக்கவாட்டில் நகர்வதைத் தடுக்க ஆழமான அடிப்பாகம் இல்லை. பத்து மைல் காற்றே போதும், முன்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இன்னொன்று, அவுட்போர்ட் படகில் ப்ரொப்பெல்லர் சுழன்றால்தான் ஸ்டியரிங்குக்கு வேலை. நியூட்ரலில் வைத்துக்கொண்டு சக்கரத்தை எவ்வளவு திருப்பினாலும் படகு காற்றின் பேச்சைத்தான் கேட்கும்.

மேடையை நெருங்குவதற்கு முன்பே, திறந்த நீர்ப்பரப்பில் நின்று, பக்கத்துக்கு இரண்டு ஃபெண்டர்களை (மோதலைத் தாங்கும் மெத்தைகளை)த் தளத்தின் விளிம்பு உயரத்துக்குத் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் கயிற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கொடியோ மற்ற படகுகளோ எப்படி அசைகின்றன என்று பார்த்து, முடிந்தவரை காற்றை எதிர்த்தபடி மேடையை நோக்கி வாருங்கள். 20, 30 டிகிரி சாய்வு போதும். முதலில் சக்கரத்தைத் திருப்பி, பிறகு கியரைப் போட்டு, ஒரு நொடி, இரண்டு நொடி தள்ளவிட்டு, மறுபடி நியூட்ரல். இப்படித் தட்டித் தட்டித்தான் வர வேண்டும், த்ராட்டிலே தேவையில்லை. முன்பக்கம் மேடைக்கு ஓரிரண்டு அடியில் வந்ததும், சக்கரத்தை மேடைப் பக்கமாக முழுவதும் திருப்பி, ஒரு நொடி ரிவர்ஸ் கொடுத்தால் பின்பக்கம் தானாக மேடையோடு ஒட்டிக்கொள்ளும். காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கட்டுங்கள். கோணம் தவறினால் வெட்கப்படாமல் பின்வாங்கி, சுற்றி வந்து, மறுபடி முயலுங்கள். காற்று பலமாக இருந்தால் நுழையும் முன் துணிக்கூரையை மடக்கிவிடுவது பெரிய உதவி. இதில் ஒரு கண்டிப்பு: யாரும் கையையோ காலையோ நீட்டிப் படகை நிறுத்தப் பார்க்கக் கூடாது. இரண்டு டன் எடை மேடைக்கும் காலுக்கும் நடுவே நசுக்கினால் எலும்பு நிற்காது. "நான் குதித்துப் பிடிக்கிறேன்" என்று எந்தச் சித்தப்பாவையும் கிளம்பவிடாதீர்கள்.

நடு ஏரியில் நிறுத்திக் குளிக்க நினைப்பவர்கள் நங்கூரக் கயிற்றின் நீளத்தைப் பார்க்க வேண்டும். ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது கயிறு விட்டால்தான் நங்கூரம் மண்ணைப் பிடிக்கும். வாடகைப் படகில் பெரும்பாலும் 50 அடிக் கயிறுதான் இருக்கும், ஆக பத்தடி ஆழத்துக்கு மேல் நிறுத்துவது வீண். நங்கூரத்தை எப்போதும் முன்பக்கத்தில் கட்டுங்கள். பின்பக்கத்தில் மட்டும் கட்டினால் படகு அலைக்கு முதுகைக் காட்டி நிற்கும், மோட்டாரின் கனத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் அந்தப் பக்கத்தில் அலை ஏறும். லேனியர் 1950-களில் அணை கட்டி, காடும் பண்ணைகளுமாக இருந்த பள்ளத்தாக்கை நிரப்பி உருவான ஏரி. ஆழத்தில் மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஆழமான இடத்தில் போடும் நங்கூரம் கிளையில் சிக்கினால் கயிற்றை அறுத்துவிட்டு வர வேண்டியதுதான். அதே காரணத்தால் எங்கும் தலைகீழாகக் குதிக்கக் கூடாது. கரையிலிருந்து நாலு எட்டு வைத்ததும் தரை சட்டென்று இறங்கும் இடங்களும் நிறைய. ஏரியின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 1,071 அடி. வறட்சியில் அது பல அடி இறங்கினால், போன வருடம் படகு போன மேட்டில் இந்த வருடம் ப்ரொப்பெல்லர் தட்டும். வெள்ளை மிதவையில் ஆரஞ்சு நிற வைர வடிவம் இருந்தால் அங்கே ஆபத்து, ஆரஞ்சு வட்டம் இருந்தால் கட்டுப்பாடு, பெரும்பாலும் அலை எழுப்பாமல் போக வேண்டிய இடம்.

யாராவது தண்ணீரில் இருந்தால் இன்ஜினை நியூட்ரலில் வைப்பது போதாது, சாவியைத் திருப்பி முழுக்க அணைக்க வேண்டும். பல படகுகளில் ஏணி பின்பக்கம், ப்ரொப்பெல்லருக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். மரினா மேடையைச் சுற்றி மட்டும் யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். மேடைக்கு வரும் மின் இணைப்பில் கசிவு இருந்தால், நன்னீரில் அந்த மின்சாரம் நீந்துபவரின் உடல் வழியாகவே பாயும். தண்ணீரைவிட உடல் நன்றாக மின்சாரம் கடத்துவதுதான் காரணம். தசைகள் செயலிழந்து ஓசையில்லாமல் அமிழ்ந்துவிடுவார்கள். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதி. அப்படி யாராவது தவித்தால் முதலில் மேடையின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், மிதவையைத்தான் வீச வேண்டும்.

ஜார்ஜியாவில் ஓடும் படகில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பது கட்டாயம். வாடகைக் கடையில் பெரியவர் அளவு தாராளமாகக் கிடைக்கும், குழந்தை அளவு கிடைக்கும் என்று நம்ப முடியாது. வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அளவு வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து: 30 பவுண்டுக்குக் கீழ் ஒன்று, 30 முதல் 50 வரை ஒன்று, 50 முதல் 90 வரை ஒன்று. மாட்டிய பிறகு தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது. சின்னக் குழந்தைக்குக் கால்களுக்கு நடுவே வரும் பட்டை இருந்தே ஆக வேண்டும். நீச்சல் தெரியாத தாத்தா பாட்டிக்கும் போட்டுவிடுங்கள். புடவைக்கு மேல் ஜாக்கெட் சரியாக இறுகாது, அந்த ஒரு நாள் சுடிதார் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், துப்பட்டா வேண்டாம்.

இரண்டு உருளையா, மூன்று உருளை ட்ரைடூனா என்று கேட்பவர்களுக்கு: நிதானமாகச் சுற்றி, சாப்பிட்டு, குளித்துவிட்டு வருவதற்கு 90 முதல் 115 குதிரைத்திறன் மோட்டார் போட்ட இரண்டு உருளைப் படகு போதும். பிள்ளைகளைக் காற்றடைத்த டியூபில் வைத்து இழுக்க வேண்டும், ஏரியின் அகலமான பகுதியைக் கடக்க வேண்டும் என்றால் 150-க்கு மேல் மோட்டார் போட்ட ட்ரைடூன். திரும்பும்போது இரண்டு உருளைப் படகு வெளிப்பக்கமாகச் சாயும், உட்கார்ந்திருப்பவர்களை வெளியே தள்ளுவது போலிருக்கும். பெரிய நடு உருளை உள்ள ட்ரைடூன் உள்பக்கமாகச் சாய்ந்து திரும்பும். வாடகை வித்தியாசம் கணிசமானது. கைக்குழந்தையும் பெரியவர்களும் மட்டும் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, தயிர்சாதம் போல ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடுவதே நல்லது. பேப்பர் தட்டு காற்றில் பறந்து ஏரியில் விழும், மூடியுள்ள டப்பாக்களில் ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டு போங்கள். அடுப்பு எதுவும் படகில் பற்ற வைக்கவே கூடாது, பெட்ரோல் டேங்க் தளத்துக்கு அடியிலோ இருக்கைக்கு அடியிலோதான் இருக்கிறது. வாடகைப் பான்டூன்களில் பெரும்பாலும் டாய்லெட் கிடையாது. சர்க்கரை உள்ளவர்கள், நீர் மாத்திரை எடுப்பவர்கள் இருந்தால் நாலு மணி நேர வாடகையே சரி, நாள் முழுவதும் வேண்டாம். வெயிலில் தளமும் இருக்கையும் வெறுங்காலுக்குச் சுடும், ரப்பர் செருப்பு அவசியம்.

வாடகை: 1998 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் படகு ஓட்டுவதாக இருந்தால் ஜார்ஜியா சட்டப்படி படகுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஆன்லைனிலேயே முடிக்கலாம், மற்றவர்களுக்கும் நல்லது. கரை, மேடை, பாலம், மற்ற படகு, நீந்துபவர் எதற்கும் 100 அடிக்குள் இன்ஜின் வெறுமனே ஓடும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. குடித்துவிட்டு ஓட்டினால் காருக்கு உள்ள அதே 0.08 வரம்பு. வார இறுதியில் முழு நாள் வாடகை, பெட்ரோல், வரி சேர்த்து 500 டாலரைத் தாண்டுவது சகஜம். டெபாசிட் பெரும்பாலும் போவது ப்ரொப்பெல்லரால்தான். கிளம்பும் முன் மோட்டாரைத் தூக்கச் சொல்லி மூன்று இறக்கைகளையும், உருளைகளின் முன்மூக்கையும் அடுக்கடுக்காகப் போட்டோ எடுங்கள். ஏற்கெனவே உள்ள நெளிசலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கார் இன்ஷூரன்ஸும் கிரெடிட் கார்டும் வாடகைப் படகின் சேதத்துக்கு ஈடு தரும் என்று நினைத்துக்கொள்ளாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலும் தராது. மணற்கரையில் ஏற்றி நிறுத்துவதாக இருந்தால் மோட்டாரை முன்பே தூக்குங்கள். இல்லாவிட்டால் குளிர்விக்கும் பம்ப் மணலை உறிஞ்சி, உள்ளிருக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்து இன்ஜின் சூடேறும்.

சொந்தமாக வாங்கலாமா என்ற ஆசை இரண்டு மூன்று முறை வாடகைக்கு எடுத்ததும் வரும். வீட்டில் நிற்கும் சியென்னாவோ ஒடிஸியோ போன்ற மினிவேன் இழுக்கக்கூடியது 3,500 பவுண்டு. 22 அடி பான்டூன், மோட்டார், ட்ரெய்லர், பெட்ரோல் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும், ட்ரைடூன் என்றால் 5,000-க்கும் மேல். ஆக ஒரு பிக்கப்போ, அல்லது மரினாவில் மாத வாடகைக்கு நிறுத்துமிடமோ கூடவே வாங்க வேண்டியிருக்கும். தண்ணீரிலேயே நிறுத்தினால் உருளைகளில் பாசி படியும், அரிப்பைத் தடுக்கும் அனோடுகளை வருடம்தோறும் பார்த்து மாற்ற வேண்டும். நன்னீருக்கு மெக்னீசியம் அல்லது அலுமினியம், துத்தநாகம் சரிப்படாது. இம்பெல்லர் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கியர் ஆயில் வருடத்துக்கு ஒருமுறை. வடியும் கியர் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை மாற்றாமல் அடுத்த பயணம் போகாதீர்கள். பழைய படகு வாங்குபவர்கள் அதைத் தண்ணீரில் ஆளில்லாமல் மிதக்கவிட்டுப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்த உருளையில் தண்ணீர் நிற்கிறது. பிறகு தளம் முழுக்க நடந்து, மோட்டார் பக்கத்திலும் கதவுகளின் அடியிலும் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் பிளைவுட் ஊறிவிட்டது. அதை மாற்றத் தடுப்பு, இருக்கை, தரைவிரிப்பு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.